குடைப் பாட்டில் விழுந்த மணி

கர்த்தருக்கே மகிமை

தாராவி, பம்பாய்
2-7-1972

ஏட்டி ஐரீன்,

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அப்புறம் பார்சலைப் பிரி என்று எழுதத்தான் நினைத்தேன். பிரித்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

பார்த்தாயா? நம் ரெக்கார்டுதான்! நீயும் நானும் ராயபுரத்தில் உங்கள் வீட்டு முன்னறையில், அண்ணன் கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிக் கொடுத்த டேப் ரெக்கார்டரில் பாடிப் பிடித்தது. மஞ்சள் தாளில் 'தகர டப்பா சிஸ்டர்ஸ்' என்று அச்சுப் போட்டிருக்கிறது, அதைத் தடவித் தடவிப் பார்த்து என் விரல் மை ஆகிவிட்டது. ஒரு பக்கம் குடைப் பாட்டு. மறுபக்கம் லெவல் கிராஸிங் பாட்டு.

எப்படி என்று கேட்பாய். நான் கல்யாணமாகி ஊரைவிட்டு ரயிலேறின அன்று, "இந்த டேப் உனக்குத்தான்" என்று என் பையில் வைத்தாயே, அதை இங்கே ஒருநாள் இவர்களுடைய சிநேகிதர் வீட்டு மெஷினில் போட்டோம். என் வீட்டுக்காரர் ஞானதுரையை உனக்குத் தெரியும், கடைக் கல்லாவைத் தவிர எதற்கும் சிரிக்காத மனிதர். குடைப் பாட்டைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அத்தை சீனியம்மாள்கூட "இன்னொருவாட்டி போடுங்க" என்றார்கள். மாதுங்காவில் சுப்புராயன் அண்ணாச்சி என்று ஒருவர் சின்னச் சின்ன ரெக்கார்டுகள் போட்டு விற்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். "சுத்தமான பாட்டு எங்கிட்ட மூட்டை மூட்டையாக் கெடக்கு. காக்கா, கப்பல் சங்கு, பிஸ்கட் டப்பா எல்லாம் சேர்ந்து பாடுற பாட்டு இதுதாம்மா" என்று உடனே பிடித்துக்கொண்டார்.

குடைப் பாட்டை நாம் எத்தனை தடவை பிடித்தோம் என்று நினைவிருக்கிறதா? அண்ணாச்சி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கடைசியாக, நான் கிளம்பும் அவசரத்தில் பாடினோமே, அதைத்தான் எடுத்தார். அதில் முடிவுப் பக்கம் உங்கள் கோயில் மணி கேட்கிறது. நான் "அண்ணாத்த எங்க?" என்று கேட்டதும் உன் கிட்டார் சட்டென்று நிற்கிறது. மணியும் நான் தட்டுகிற பிஸ்கட் டப்பாவும் மட்டும். அப்புறம் நீ "வந்துகினே கீறாரு" என்று வருகிறாய். "யோசிச்சு வச்சாக்கூட இப்படி வராது" என்று அண்ணாச்சி ஆச்சரியப்படுகிறார். இந்த மாதமே ரேடியோக்காரர்கள் கேட்கப் போகிறார்களாம். முதல் பெட்டி கடைகளுக்குப் போய்விட்டது.

உன்னிடம் கேட்காமல் செய்தது தப்புதான். கேட்டால் வேண்டாம் என்பாய் என்றுதான் கேட்கவில்லை. அண்ணன் போனபிறகு நீ ஒரே ஒரு கார்டு போட்டாய், "நீ போன மறுநாள் அண்ணனை அடக்கம் செய்தோம்" என்று. அதற்குப் பிறகு நான் எழுதினதற்கெல்லாம் பதிலில்லை. செல்வநாதன் அண்ணன் இருந்திருந்தால் இந்த ரெக்கார்டைத் தலையில் வைத்துக்கொண்டு காசிமேடு முழுக்க ஆடியிருப்பார். மழை வந்தால் ஸ்டேஷனுக்குக் குடை கொண்டுவருகிற அண்ணன் அவர் ஒருவர்தான், அவருக்காகத்தானே அந்தப் பாட்டே கட்டினோம். அதனால்தான் இதை அவருக்குச் செய்ததாக நினைத்துக்கொள்கிறேன். சௌக்கத் அலி பாய் கடையில் போட்டுக் கேள். அம்மாவுக்கு என் அன்பு.

உன் டப்பாக்காரி
கிருபை


சேசு மரி சூசை

ராயபுரம், சென்னை
9-7-1972

தேவகிருபைக்கு,

'பிரியமுள்ள' என்று எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விடுகிறேன்.

உன் பார்சலைத் தூக்கிக்கொண்டு நான் ஓடின ஓட்டத்தைத் தெருவே பார்த்தது. எத்தனை மாதம் கழித்துச் சிரித்தேன் தெரியுமா? சௌக்கத் அலி பாய் மைக்செட் கடையில் நல்ல கூட்டம். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. "இன்னாம்மா ஐரீனு, நம்ம தெரு பாட்டு பம்பாய் போயி தட்டா வந்துகீதா? நாலு பேரு கேட்டா போதாது, ஊரே கேக்கட்டும்" என்று வாசலில் தொங்குகிற ஒலிபெருக்கிப் புனலில் இணைப்புக் கொடுத்துவிட்டார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

குடை எங்க கீது? வூட்டுல கீது. மழை எங்க கீது? தலைமேல கீது. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று சிரித்தார்கள். பூவம்மா அக்கா மீன் கூடையோடு இடுப்பை ஆட்டினாள். அப்புறம் அந்த மணி விழுந்தது.

தேவகிருபை, பூவம்மா அக்கா கூடையைக் கீழே வைத்தாள். டீக்கடை வாசலில் நின்றவர்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். அத்தனை பேரும் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார்கள். "பெரிய மணி. ஆம்பள. யாருக்குப்பா?" என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு கோயில் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். கோயிலில் மணி அடிக்கவில்லை. புனலில்தான் அடிக்கிறது. அதற்கு நடுவில் என் குரல், சிரித்துக்கொண்டு, "வந்துகினே கீறாரு, குடையோட வந்துகினே கீறாரு" என்கிறது.

அது மணி நேரத்துக்கு அடிக்கிற மணி இல்லை. துக்க மணி. எங்கள் கோயிலில் சாவு விழுந்தால் அடிக்கிற மணி. ஆணுக்குப் பெரிய மணி, பெண்ணுக்குச் சின்ன மணி. ஒன்று அடித்து, அது முழுக்க அடங்கினபிறகுதான் அடுத்தது. அன்றைக்கு அது யாருக்கு அடித்தது என்று இப்போதாவது தெரிந்துகொள். என் அண்ணனுக்கு.

வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் மணி அடிப்பது வழக்கம். அன்று முறை மாறிவிட்டது. அண்ணன் போன லாஞ்சுப் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்து, கூடப் போன பாஸ்கல் மட்டும் நீந்திக் கரையேறியிருக்கிறான். எங்கள் வாசலில் வந்து நிற்கத் தைரியமில்லாமல் ஈரத்தோடு நேரே கோயிலுக்குப் போய் மணியடிக்கிற கோயில்பிள்ளை ஸ்டானிஸ்லாஸிடம் சொல்லியிருக்கிறான். அவர், வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக் கயிற்றை இழுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் தெரிந்தபிறகும் நான் பாடிக்கொண்டிருந்தேன். உன் அப்பா டாக்ஸியோடு வந்து உன்னை அழைத்துப்போனார். நான் வாசலில் நின்று உனக்குக் கையாட்டினேன். பூவம்மா அக்கா வந்து ஒரு வார்த்தை பேசாமல் என் தோளிலிருந்த கிட்டாரைக் கழற்றி வாங்கினாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இதைத்தான் அழகு என்று உன் அண்ணாச்சி தேர்ந்தெடுத்தார். இதைத்தான் நீ மஞ்சள் தாள் ஒட்டி எனக்கு அனுப்பினாய்.

பாய் ஊசியை எடுக்கக் காத்திருக்கவில்லை நான். தட்டைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தேன். ஒடித்ததைக் கடலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா எண்ணூரில் சின்னம்மா வீட்டில் இருக்கிறாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். பிள்ளை செத்த அன்றைக்கும் அங்கேதான் இருந்தாள், தெரியுமல்லவா? இந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள். அதற்குள் எல்லாவற்றையும் நிறுத்து. கடைக்குப் போனதைத் திருப்பி வாங்கு. அந்த டேப்பை என்ன செய்வாயோ, மணி இருக்கிற இடம் இந்த உலகத்தில் இருக்கக் கூடாது. அண்ணனுக்குச் செய்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்தபோது வயிறு எரிந்தது.

நிறுத்திவிட்டேன் என்று ஒரு கார்டு போடு. அதற்குமேல் எனக்கு எழுத வேண்டாம். நமக்குள் அவ்வளவுதான்.

ஐரீன்


கர்த்தர் நம்மேல் இரங்குவாராக

தாராவி, பம்பாய்
14-7-1972

என் ஐரீனுக்கு,

கார்டு போடச் சொன்னாய். கார்டில் அடங்காது. இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு, கோபிக்க மாட்டேன்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். அண்ணன் என்ற இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். சோறு அடிப்பிடித்த வாசனை வந்தும் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அத்தை வந்து "யாருக்கு என்ன?" என்று உலுக்கினார்கள். கடிதத்தைக் காட்டினேன். அவர்களும் படித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆண்டவர் அறிய எனக்குத் தெரியாது, ஐரீன். மறுநாள் அடக்கம் என்று எழுதியிருந்தாயா, நான் ரயிலேறினபிறகு ராத்திரியில்தான் அண்ணன் போனார் என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் பாடிக்கொண்டிருந்தபோதே அவர் இல்லை என்பதை நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். திருவொற்றியூரில் எங்கள் சபைக்கு மணியே கிடையாது என்று உனக்குத் தெரியும். வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு ஆராதனைக்குத் தட்டுவார்கள், நீகூடப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். உங்கள் கோயிலில் எது பூசை மணி, எது துக்க மணி என்று எனக்கு யார் சொன்னார்கள்? பாட்டுக்கு நடுவில் உன் கை நெற்றிக்குப் போனது. நான் கண்ணாலேயே "என்ன?" என்று கேட்டேன். நீ தலையாட்டி, பாடு என்று சொன்னாய். நானும் தட்டினேன், பாடினேன்.

பழியை உன்மேல் போடுவதற்காக இதை எழுதவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எட்டு மாதம் அந்த மணியை மனசுக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டாயே! சொல்லியிருந்தால் அந்த டேப்பைத் தொட்டிருப்பேனா? ரயில் ஏறினவளுக்கு எதற்கு என்று விட்டாயா? உங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். அண்ணன் என்னையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

சரி, போகட்டும். நான் செய்ததற்கு இது சமாதானம் ஆகாது. சுப்புராயன் அண்ணாச்சியிடம் போனேன். முதலில் முடியாது என்றார். "அந்த எடம் இல்லேன்னா இது வெறும் டப்பாம்மா. அதுக்காகத்தான் ரேடியோக்காரங்க வர்றாங்க" என்றார். நான் அங்கேயே அழுதேன். என் வீட்டுக்காரர், உன் மச்சான், இத்தனை நாள் அந்த ரெக்கார்டை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவர், "அண்ணாச்சி, சாவு வீட்டுச் சத்தம். வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கடைகளுக்குப் போன பெட்டி திரும்பி வருகிறது, நாளைக்கு எல்லாவற்றையும் உருக்கிவிடுவார்கள். டேப்பில் மணி ஆரம்பிக்கிற இடத்திலிருந்து கடைசிவரை வெட்டச் சொல்லிவிட்டேன்.

இனி பாட்டு என்று ஒன்றை நான் நினைக்க மாட்டேன். அம்மா காதுக்கு இது போகாமல் ஆண்டவர் காப்பாற்றட்டும். எழுத வேண்டாம் என்றாய், இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மன்னிக்கக் கேட்கும்
கிருபை


தந்தி
18-7-1972, ராயபுரம்

வெட்ட வேண்டாம். உருக்க வேண்டாம். ஒரு தட்டு உடனே அனுப்பு. அம்மா கேட்கிறாள். ஐரீன்.


சேசு மரி சூசை

ராயபுரம், சென்னை
18-7-1972

கிருபை,

தந்தியைப் பார்த்துப் பயந்திருப்பாய். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், கோர்வையாக வருமா தெரியவில்லை.

அம்மா வந்ததும் அவளிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். தெருவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிற வழியிலேயே பூவம்மா அக்கா சொல்லிவிட்டாள். அம்மா வீட்டுக்குள் நுழைந்தவள் பையைக்கூட வைக்கவில்லை. "எங்கடி அது?" என்றாள்.

எதும்மா என்று இழுத்தேன். "செல்வநாதனுக்கு அடிச்ச மணி. பாட்டு தட்டுல கீதாமே. போடு, கேக்கணும்."

நான் அவள் காலடியில் உட்கார்ந்து, உடைத்துவிட்டேன் அம்மா, கடலில் போட்டுவிட்டேன், இனி அது யார் காதிலும் விழாது என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், கிருபை. அவளை விழாமல் பிடித்துக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா என்னை அறைந்தாள். எனக்கு விவரம் தெரிந்து அவள் என்மேல் கை வைத்ததில்லை. எங்கள் அம்மா அடைக்கலமேரி தன் பெண்ணை அடித்தாள் என்று சொன்னால் இந்த ராயபுரத்தில் ஒருவர் நம்ப மாட்டார்கள்.

"இன்னாடி நெனச்சுகினு ஒடச்ச? என் புள்ளைக்கு அடிச்ச மணிய ஊரே கேட்டுச்சு. இப்போ ரெண்டாவது வாட்டியும் கேட்டுச்சு. பெத்தவ ஒரு வாட்டி கேக்கலடி. மணி கேட்டா தெருவுல போற குடிகாரன்கூட நின்னு ஒரு பரலோக மந்திரம் சொல்லுவான். நான் எண்ணூர்ல உக்காந்துகினு வடகம் காய வச்சுகினு இருந்தேன். என் புள்ளைக்கு நான் சொல்லலையே."

இந்த எட்டு மாதமும் அவள் சொல்லாத மந்திரமா? வைக்காத பூசையா? கல்லறைக்குப் போகாத நாள் உண்டா? அது வேறு, இது வேறு என்கிறாள். மணி விழுந்துகொண்டிருக்கும்போது சொல்வதுதான் ஆத்துமாவோடு கூடப் போகுமாம். அன்று அண்ணனுக்குத் துணையாக வீட்டு மனுஷர் ஒருவரும் போகவில்லையாம். இதை எட்டு மாதமாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் எதை அவள் காதில் விழக் கூடாது என்று நினைத்தேனோ, அதைத்தான் அவள் தினமும் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதைக் கடலில் போட்டேன்.

நான் சிலுவை போட்டேன் என்று சொன்னேன். முதல் மணிக்கே என் கை நெற்றிக்குப் போனது, கிட்டார் நின்றது, யாரென்று தெரியாமலே போட்டேன் என்று சொன்னேன். "நீ போட்டியா?" என்று கேட்டாள், அவ்வளவுதான். நம்பினாளா தெரியவில்லை. அப்புறம் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். வந்ததிலிருந்து ஒரு வாய் கஞ்சி உள்ளே போகவில்லை.

உன் பதினான்காம் தேதிக் கடிதம் இன்று காலை வந்தது. "நாளைக்கு உருக்கிவிடுவார்கள்" என்ற வரியைப் படித்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் தபாலாபீசுக்கு ஓடினேன். நான் சொன்னதையெல்லாம் நீ கேட்காமல் இருந்திருக்க வேண்டும், கிருபை. சண்டை போட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு தட்டு, மூலையில் கிடந்தாலும் சரி, கீறல் விழுந்ததாக இருந்தாலும் சரி, தேடி அனுப்பு. உன் காலில் விழுகிறேன்.

ஐரீன்


தாராவி, பம்பாய்
23-7-1972

ஐரீன்,

மேலே என்ன எழுதி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இன்று ஒன்றும் எழுதவில்லை.

தந்தி வந்தபோது வீட்டு வாசலில் நானே வாங்கினேன். யாருக்கோ என்னவோ என்று அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். படித்துவிட்டு நானும் உன் மச்சானும் மாதுங்காவுக்கு ஓடினோம். எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டியில் இருந்தவை, அண்ணாச்சி கையில் வைத்திருந்தவை, எங்கள் வீட்டுத் தட்டு, எல்லாமே போய்விட்டன. எங்கள் தட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது என்று. நீ சொன்னாய் என்பதற்காக அவ்வளவு கவனமாகச் செய்தேன். வெட்டி மிஞ்சின பாட்டைக் கேட்டுவிட்டு ரேடியோக்காரர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். "இனிமே நம்ம பக்கம் வராதீங்கம்மா" என்றார் அண்ணாச்சி. நல்ல மனிதர், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அம்மா கஞ்சி குடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, எனக்கும் இங்கே இறங்கவில்லை.

ஐரீன், நான் ஒன்று செய்தேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன். நீ சொன்னதை மீறி நான் செய்தது இது ஒன்றுதான்.

அண்ணாச்சி பிளேடால் அந்த இடத்தை வெட்டினபோது நான் பக்கத்தில் நின்றேன். வெட்டினது கீழே விழுந்தது, பழுப்பு ரிப்பன் மாதிரி. ஒரு பையன் பெருக்க விளக்குமாற்றை எடுத்து வந்தான். கீழே கிடப்பது அண்ணனுடைய மணி என்று எனக்குத் தெரிந்துவிட்டதே, பிறகு எப்படி அதைக் குப்பையோடு போகவிடுவேன்? குனிந்து எடுத்துவிட்டேன். வீட்டில் காலி நூல்கண்டுக் கட்டையில் சுற்றி, என் வேதப்புத்தகப் பெட்டியில் வைத்திருந்தேன்.

அதை இதோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். கசங்கியிருக்கிறது. ஒரு இடத்தில் என் கால் பட்டிருக்கும். சத்தம் வருமா, ஒட்ட முடியுமா, ஒன்றும் தெரியாது. அண்ணனுடைய மெஷின் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? பாயிடம் கேட்டுப் பார். சத்தம் வரவில்லை என்றால் எனக்கு எழுத வேண்டாம். வராத பதிலை வைத்தே நான் தெரிந்துகொள்வேன்.

கிருபை


சேசு மரி சூசை

ராயபுரம், சென்னை
6-8-1972

என் பிரியமுள்ள கிருபைக்கு,

இந்தமுறை எழுதக் கை வருகிறது.

பதில் வரவில்லை என்று நீ என்னென்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். பாய்க்குக் காய்ச்சல், எழுந்து வரச் சுணங்கிவிட்டது. வேறு யார் கையிலும் அந்தத் துண்டைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

நேற்றுச் சாயங்காலம் வந்தார். அண்ணனுடைய மெஷின்மேல் போட்டிருந்த துணியை அம்மாதான் எடுத்தாள். எட்டு மாதத் தூசி. ஊதித் துடைத்து, பாய் உன் துண்டைக் கட்டையிலிருந்து பிரித்து, இஸ்திரிப் பெட்டி மாதிரி உள்ளங்கையால் நீவி, காலி டேப் ஒன்றின் நடுவில் வெட்டி ஒட்டினார். "அல்லா, கை நடுங்காம இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஒட்டினார். அவருக்கே வேர்த்துவிட்டது.

முதலில் போட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதோ உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம், பெரிதாகிக்கொண்டே போய்ப் பட்டென்று நின்றது. அம்மா நிமிர்ந்து பார்த்து, "இது நம்ம கோயில் மணி இல்ல" என்றாள். எனக்கு உயிரே போயிற்று. பாய் தலையில் அடித்துக்கொண்டார். துண்டைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்! பிரித்துத் திரும்ப ஒட்டுவதற்குள் அம்மா ஒரு ஜெபமாலையே சொல்லி முடித்திருப்பாள்.

இரண்டாவது தடவை வந்தது. முதலில் நீ, "அண்ணாத்த எங்க?" அப்புறம் பெரிய மணி.

அம்மா முட்டி போட்டாள். மெஷினுக்கு முன்னாலேயே, தரையில். பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று ஆரம்பித்தாள். மந்திரம் பாதிகூட முடியவில்லை, துண்டு முடிந்துவிட்டது. பாய் ஒன்றும் கேட்காமல் பின்னால் சுற்றினார். மணி மறுபடி விழுந்ததும் அம்மா விட்ட இடத்திலிருந்து சொன்னாள். மறுபடி முடிந்தது, மறுபடி சுற்றினார். நித்திய இளைப்பாற்றியை அவனுக்குத் தந்தருளும் சுவாமி என்பது வரைக்கும் அப்படியே சொல்லி முடித்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் என் குரல் வந்து "வந்துகினே கீறாரு" என்றது. அந்த வரி வரும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா அழவில்லை. கடைசித் தடவை அந்த வரி வந்ததும், "போயிட்டு வாடா" என்றாள்.

எழுந்து உட்கார்ந்தவள் என்னைக் கூப்பிட்டு, என் வலது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நின்னுச்சுடி. உன் கை நின்னுச்சு. கேட்டேன்" என்றாள். கஞ்சி கேட்டாள். பாய்க்கும் ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம்தான் அதைக் கேட்டாள். "யாருடி அது, நீ வுட்ட எடத்துல விடாம தட்டிகினே கீறது?"

நான் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை, கிருபை. எட்டு மாதமாக அந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மணி மட்டும்தான் கேட்கும், என் சிரிப்பு மட்டும்தான் கேட்கும். இன்னொரு முறை போட்டோம். என் கிட்டார் இல்லை, என் குரல் இல்லை. மணிக்கும் மணிக்கும் நடுவில் உன் டப்பா. அடுத்த மணிக்கும் அதே டப்பா. யாருக்கு அடிக்கிறது என்று உனக்குத் தெரியாது, எதற்கு நான் நிறுத்தினேன் என்று தெரியாது, ஆனாலும் பாட்டு விழுந்துவிடாமல் நீ தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாய். ஊரில் எல்லாரும் நின்றுவிட்ட நேரத்தில் அண்ணனோடு கூட நடந்தது அந்த ஒரு சத்தம்தான்.

"கிருபைம்மா" என்றேன்.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீ வுட்டுட்ட. அவ வுடல பாத்தியா" என்றாள்.

உன் ரெக்கார்டை நான் கெடுத்தேன். ரேடியோவைக் கெடுத்தேன். பாட்டே வேண்டாம் என்று உன்னை எழுத வைத்தேன். அவ்வளவும் போனபிறகு தரையில் குனிந்து அந்தத் துண்டு டேப்பைப் பொறுக்கி எடுத்துவிட்டு, என் சொல்லை மீறிவிட்டதாக என்னிடமே மன்னிப்புக் கேட்கிறாய். நான் ஒன்பதாம் தேதி எழுதின கடிதத்தைத் தயவுசெய்து அடுப்பில் போடு. 'அவ்வளவுதான்' என்று எழுதின அந்தக் கையைத்தான் நேற்று அம்மா மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வருகிறது. மழைக்காலம், ஸ்டேஷனில் நனைந்துகொண்டு நிற்காதே. நான் குடையோடு வருகிறேன். அம்மா இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அவள வரச் சொல்லு. டப்பாவ எடுத்துகினு வரச் சொல்லு."

உன்
ஐரீன்